பல்லால் கேட்டவள்

இன்ஜின் முதல்முறையாக உயிர் பெற்ற அன்று அந்த முற்றத்தில் சிரித்த முகம் போக்குவாவின் முகம் ஒன்றுதான். மற்றவர்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் வண்டியின் மட்கார்டில் பதித்திருந்தாள். தகரம் நடுங்கியது. அந்த நடுக்கம் முழங்கை வழியாக ஏறித் தோளுக்கு வந்தது. சைலன்சரிலிருந்து கரும்புகை கிளம்பி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த தங்கை டூஃபியேயின் துணிகள்மேல் போய்ப் படிந்தது. போக்குவா அதைக் கவனிக்கவே இல்லை. ஓடுகிறது, என் வண்டி ஓடுகிறது என்று மனம் குதித்துக்கொண்டிருந்தது. பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். டூஃபியே காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங் முன் உட்கார்ந்திருந்த மெக்கானிக் போவாஹென் மேஸ்திரி, இழவு விசாரிக்க வந்தவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பி அணைத்தார்.

"என்ன? ஏன் நிறுத்திட்டீங்க?"

போக்குவா எப்போதும் உரக்கத்தான் பேசுவாள். அடுத்த வீட்டு ஆடுகூடத் திரும்பிப் பார்க்கும். மேஸ்திரி இறங்கி அவள் முகத்துக்கு நேரே வந்து நின்று, வாயை அகலத் திறந்து கத்தினார்.

"சத்தம், ரொட்டியக்கா! சத்தம்!"

"இன்ஜின்னா சத்தம் போடத்தான் செய்யும். பின்ன, பாட்டா பாடும்?"

"இது வேற சத்தம். டொக்கு டொக்குன்னு இடிக்குது. உள்ள ஒருத்தன் சம்மட்டியோட மாட்டிக்கிட்டு, வெளிய விடு வெளிய விடுன்னு அடிக்கிற மாதிரி."

போக்குவா தங்கையைப் பார்த்தாள். டூஃபியே ஆமாம் என்று தலையாட்டினாள். ஊருக்கெல்லாம் கேட்கிற சத்தம், வண்டிக்காரிக்கு மட்டும் கேட்கவில்லை.

போக்குவாவின் காது சின்ன வயதிலேயே போய்விட்டது. இரண்டு காதிலும் சீழ் வடிந்தது. மருந்தென்று யார்யாரோ எதையெதையோ ஊற்றினார்கள். முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. நெருங்கி வந்து கத்தினால் கொஞ்சம் விழும்; மிச்சத்தை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் அவளுக்குப் பாடம் அதோடு முடிந்தது. வளர்ந்த பிறகு காதுக் கருவி ஒன்று வாங்கினாள். அதை மாட்டினால் பேச்சு, காற்று, பாத்திரம் கழுவுவது எல்லாம் ஒன்றாகக் கலந்து, தகரக் கூரையில் கல்மழை பெய்வதுபோல் இரையும். லைசென்ஸ் வாங்கப் போன அன்று மட்டும் மாட்டிக்கொண்டு போனாள். மற்ற நாளெல்லாம் அது அலமாரியில்தான் கிடந்தது.

குமாசி நகரத்தில் டஃபோ பகுதியில் அவர்கள் குடும்ப வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். தாய்வழிச் சொத்து என்பதால் வீட்டுக்கு அதிகாரி தாய்மாமன் டொங்கோர்தான். போக்குவாவுக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, பெருமரங்களைக் கட்டி ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்று பின்னால் ஹாரன் அடிப்பது தெரியாமல் தெருவில் நின்றுகொண்டிருந்தாள். ஓடிவந்து அவளைத் தள்ளிவிட்டவர் மாமாதான். அவள் முழங்காலில் சிராய்ப்போடு எழுந்தாள். அவருடைய வலது பாதத்தின்மேல் சக்கரம் ஏறி இறங்கியது. அன்றிலிருந்து அவர் ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். அதைப்பற்றி அவர் பேசியதே கிடையாது. ஆனால் அன்றிலிருந்து போக்குவா தெருவில் இறங்கினாலே அவர் கண் அவள் பின்னாலேயே போகும்.

தெரு வேண்டாம், சந்தை வேண்டாம், வீட்டோடு ஏதாவது செய் என்றார். சரியென்று முற்றத்தின் பின்பக்கம் களிமண் அடுப்பு கட்டி ரொட்டி சுட ஆரம்பித்தாள். ரொட்டி நன்றாக வந்தது. நன்றாக வந்தால் விற்க வேண்டும். விற்க வேண்டுமானால் தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும். மாமா யோசிக்காத விஷயம் அது. அலுமினியத் தாம்பாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் போய் நின்ற இடம் சுவாமே பட்டறைப் பகுதி. பார்க்கிற பக்கமெல்லாம் பிரித்துப்போட்ட லாரிகளும், கரி பிடித்த இன்ஜின்களும், வெல்டிங் பொறியும். அவ்வளவு இரைச்சலில் காது நன்றாக இருப்பவனும் கையை ஆட்டித்தான் பேச வேண்டும். தன்னை யாரும் செவிடி என்று தனியாகப் பார்க்காத ஒரே இடம் அதுதான் என்று போக்குவாவுக்குத் தோன்றியது. பட்டறைக்காரர்கள் அவளை ரொட்டியக்கா என்று கூப்பிட்டார்கள். விற்று முடிந்த பிறகும் அவள் நின்று வேடிக்கை பார்ப்பாள். அப்புறம் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள். அப்புறம் அவளே போல்ட்டைக் கழற்றுவாள்.

ரொட்டியை வெளியூருக்கு ஏற்றிக்கொண்டு போகும் வேன்காரன் எப்போதும் அவள் கூடைகளைக் கடைசியில் ஏற்றுவான். இடம் இல்லையென்றால் முதலில் இறக்குவதும் அவளுடையதைத்தான். சண்டை போட்டால், கேட்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வான். காது கேட்காதவளிடமே காது கேட்காத மாதிரி நடிக்கிறானே என்று ஒருநாள் அவளுக்குச் சினம் தலைக்கேறியது. அந்த வாரமே, பட்டறைக் கோடியில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு பழைய பிரெஞ்சு வண்டியின் வெறுங்கூட்டை வாங்கி, தள்ளுவண்டியில் கட்டி வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டாள். பின்பக்கம் நீண்ட, ரொட்டிக் கூடைகள் தாராளமாக அடங்குகிற வண்டி. கதவு ஒரு பட்டறை, கியர்பெட்டி ஒரு பட்டறை, இன்ஜின் இன்னொரு பட்டறை என்று சேர்த்துச் சேர்த்து, மூன்று மழைக்காலம் போனது. இரண்டு பக்கமும் லாரிக்கு மாட்டுகிற பெரிய கண்ணாடிகளை மாட்டினாள். "பின்னால வர்றவன் மூக்குல இருக்கிற மச்சம்கூடத் தெரியும்" என்று சொல்லிக்கொள்வாள்.

அப்படிச் சேர்த்த வண்டிதான் இப்போது முதல் மூச்சிலேயே இடித்தது.

போவாஹென் மேஸ்திரி மறுபடி ஒருமுறை ஓட்டிக் கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "அடி பேரிங் போயிருக்கு அக்கா. கிராங்க் தண்டும் தேஞ்சிருக்கும். இந்த இன்ஜினை மறந்துருங்க. ஓட்டுனீங்கன்னா பாதி வழியில அடியில இருக்கிற எண்ணெய்ச் சேம்பரை உடைச்சுக்கிட்டு பிஸ்டன் ராடு வெளிய வந்துரும்."

"திறந்து பாத்தீங்களா?"

"திறக்காமலே தெரியுதே."

நல்ல மனிதர்தான். பல இன்ஜின்களுக்கு உயிர் கொடுத்தவர். அதனால்தான் அவர் சொன்னதைப் போக்குவாவால் தள்ளிவிட முடியவில்லை. முகம் கழுவிக்கொள்ள உள்ளே போனவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வாசல் பக்கம் மாமாவும் மேஸ்திரியும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு தூரத்தில் பேசினால் தனக்குத் தெரியாது என்று இருவரும் நினைத்திருக்க வேண்டும். மாமாவின் உதடுகள் நன்றாகத் தெரிந்தன.

"திறந்தெல்லாம் பாக்க வேணாம். முடியாதுன்னே இருக்கட்டும்."

"நான் பொய் சொல்லலீங்க பெரியவரே. கேட்டா அப்படித்தான் இருக்கு."

"இருக்குல்ல? அதோட விடு. அவளுக்கு ஆசை காட்டாத."

போக்குவா ஈரமுகத்தோடு அப்படியே வெளியே வந்தாள். மேஸ்திரி நழுவிவிட்டார். மாமா தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"மாமா, நீங்க பேசினது எனக்குத் தெரிஞ்சுது."

"தெரிஞ்சா நல்லது. திரும்பச் சொல்ற வேலை மிச்சம். செத்துப்போன என் அண்ணனுக்குச் சாவுச் சடங்கு நாள் வருது. சடங்கு பள்ளிக்கூட மைதானத்துல, சமையலும் சாப்பாடும் இங்க. வெளியூர்லேர்ந்து ஆள் வரும். பந்தல் போடணும், அடுப்பு வைக்கணும், நாற்காலி போடணும். இந்தத் தகரத்தைக் காயலான் கடைக்காரன்கிட்ட சொல்லியிருக்கேன். சடங்கு அன்னிக்குக் காலைல வந்து தூக்கிட்டுப் போயிருவான்."

"என் வண்டியை அவன் எப்படித் தூக்குவான்?"

"உன் வண்டிதான். நிக்கிற இடம் குடும்பத்தோடது."

"அப்ப அன்னிக்கு அது இங்க நிக்காது. ஓடும்."

"ஏடி, உனக்கே அதோட இடி கேக்கல. ஹாரன் எப்படிக் கேக்கும்? ஒருத்தன் குறுக்க வந்து கத்தினா எப்படிக் கேக்கும்?"

"குறுக்க வந்தா கண்ணு பாக்கும். பின்னால வந்தா கண்ணாடி பாக்கும். காது இருக்கிறவனெல்லாம் தெருவுல இடிக்காமலா ஓட்டுறான்? உங்க காலு மேல ஏத்தினவனுக்குக் காது நல்லாத்தானே இருந்துச்சு?"

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது. மாமாவின் தாடை இறுகியது. முதல்முறையாக அவர் அதைப்பற்றிப் பேசினார்.

"அந்தக் காலை நான் எதுக்குக் குடுத்தேன்னு நெனைக்கிற?"

"நான் நடக்கிறதுக்கு மாமா. உக்காந்தே இருக்கிறதுக்கு இல்ல."

அவர் காலைச் சாய்த்துச் சாய்த்துத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கதவு அதிர்ந்தது அவள் பாதத்தில் தெரிந்தது.

மறுநாள் ரொட்டி வேலை முடிந்ததும் போக்குவா பானெட்டைத் திறந்தாள். பட்டறையில் பார்த்துப் பழகிய ஒரு வழி இருந்தது. அடி பேரிங் போயிருந்தால், அந்த சிலிண்டரின் பிளக் ஒயரைக் கழற்றியதும் இடி குறையும்; அதற்குமேல் அந்த பிஸ்டன் அழுத்தாது அல்லவா. டூஃபியேயைக் காதுக்காக நிறுத்திவைத்தாள்.

"நான் ஒவ்வொண்ணாக் கழட்டுறேன். சத்தம் கொறைஞ்சா கையைத் தூக்கு."

"எனக்குத் துவைக்கிற வேலை கெடக்கு அக்கா. நேத்து நீ விட்ட புகையில எல்லாத்தையும் திரும்பத் துவைக்கணும்."

"கையைத் தூக்குறதுக்கு என்ன வேலை? நில்லு."

துணியைச் சுற்றிக்கொண்டு கழற்றியும் ஒருமுறை ஷாக் அடித்து, போக்குவா துள்ளிக் குதித்தாள். டூஃபியே சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். ஆனால் கை மட்டும் மேலே வரவே இல்லை. எந்த ஒயரைக் கழற்றினாலும் இடி அப்படியேதான் இருந்தது.

இதைப் பட்டறையில் போய் மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு மூணு பேரிங் சேர்ந்து போயிருந்தாலும் அப்படி இருக்கும் அக்கா."

இருக்கும். இல்லாமலும் இருக்கும். அந்த 'இல்லாமலும்' என்பதைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள்.

சின்ன வயதில் மாமாவின் அறையில் மரப்பெட்டி ரேடியோ ஒன்று இருந்தது. யாரும் இல்லாத நேரத்தில் போக்குவா அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடித்தால் மேளமும் கித்தாரும் தாடை எலும்பு வழியாக நேராக மண்டைக்குள் வந்துவிடும். பல் தடம் பார்த்து மாமா முதலில் எலி என்று நினைத்தார். உண்மை தெரிந்ததும் பிரம்பை எடுத்தார். அடி வாங்கிய பிறகும் அவள் கடிப்பதை விடவில்லை. காதுக்குள் ஓட்டையாகிப்போனாலும் எலும்பு கேட்கும் என்று ஒரு டாக்டர் பின்னால் விளக்கியபோது, இதைச் சொல்ல இவ்வளவு படிப்பா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கும் நீண்ட மரத்துடுப்பு ஒன்று தலை உடைந்து மூலையில் கிடந்தது. அதன் கழியை எடுத்துக் கழுவினாள். இன்ஜினை ஓடவிட்டு, கழியின் ஒரு முனையை இன்ஜின்மேல் ஊன்றி, மறுமுனையைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தாள்.

மண்டைக்குள் ஒரு பட்டறையே திறந்துகொண்டது.

அவ்வளவு சத்தத்தை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. பயந்துபோய் வாயை எடுத்துவிட்டாள். மறுபடி கடித்தாள். மேல் மூடியில் ஊன்றியபோது சடசட சடசடவென்று பொரிந்தது. இதுதான், கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்தினாள். மேல் மூடியைக் கழற்றி, வால்வுகளை அழுத்தும் டேப்பெட் ஒவ்வொன்றையும் சரிபார்த்து இறுக்கி மூடினாள். அந்தப் பகல் முழுக்க அதிலேயே போனது. மறுபடி ஓடவிட்டால் டூஃபியே காதைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் சுவாமேயில் கதை பரவியிருந்தது. வெல்டிங்காரன் ஒருவன் இரும்புக் குழாயைக் கடித்துக்காட்டிக் கண்ணை உருட்டினான். "ரொட்டியக்கா, வண்டி ருசியா இருந்துச்சா? உப்பு சரியா இருந்துச்சா?" என்று இன்னொருவன் கேட்டான். எல்லோரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள்.

போக்குவா தாம்பாளத்தை இறக்கி வைத்தாள். அவளுக்கும் உள்ளுக்குள் அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் சிரிப்பவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. நோயாளி நெஞ்சில் மட்டும் காதை வைத்தால் எது நோய் என்று எப்படித் தெரியும்? நல்ல இன்ஜின் பல்லுக்கு எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. அந்தச் சடசடப்பு எல்லா இன்ஜினிலும் இருப்பதாக இருக்கலாமே.

அன்று மாலையே வீட்டுக்குப் போய்க் கழியை எடுத்து வைத்தாள். அடுத்த நாள் ரொட்டியோடு அதையும் கொண்டுவந்தாள். நேராக ஒரு டாக்சியிடம் போனாள்.

"பானெட்டைத் திற."

"எதுக்கக்கா?"

"உன் இன்ஜின் என்ன சொல்லுதுன்னு கேக்கணும். ரொட்டி சும்மா எடுத்துக்க."

சும்மா ரொட்டி என்றதும் டிரைவர் திறந்துவிட்டான். அவள் கழியைக் கடித்தாள். மேல் மூடியில் அதே சடசட. ஆக அது நோயில்லை. அப்புறம் இன்னொரு டாக்சி, பயணிகள் வேன், சந்தை லாரி என்று வரிசையாகப் போனாள். ஒரு கூட்டமே பின்னால் சேர்ந்துவிட்டது. "எங்க வண்டியையும் கொஞ்சம் கடிங்கக்கா, பசியோட நிக்குது" என்றார்கள். "கடிக்கிறேன், முதல்ல குளிப்பாட்டிக் கொண்டா, ஒரே கிரீஸ் நாத்தம்" என்றாள் அவள். அடி பேரிங் உண்மையிலேயே போன ஒரு லாரி போவாஹென் மேஸ்திரியின் பட்டறையிலேயே பிரிக்கக் காத்து நின்றது. அவரிடம் போய் நின்றாள்.

"கொஞ்சம் ஓட்டுங்க மேஸ்திரி."

"அக்கா, ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். எனக்குக் கேக்கலியே."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓட்டினார். அவள் சேம்பரில் கழியை ஊன்றிக் கடித்தாள். கீழேயிருந்து, ஆழத்திலிருந்து, கனமாக, மாவை மரத்தொட்டியில் தூக்கிப்போடுவதுபோல் ஒரு குத்து. கண்ணை மூடிக்கொண்டு அதை மனதில் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து தன் வண்டியின் சேம்பரில் ஊன்றினாள். அந்தக் குத்து அங்கே இல்லை. தூரத்தில் ஏதோ மோதுவது மட்டும் தெரிந்தது, அடுத்த தெருவில் யாரோ இடிப்பதுபோல. பக்கவாட்டில் நகர்த்தினாள். பின்பக்கம் போனால் மங்கியது. முன்பக்கம் வர வர வலுத்தது. இன்ஜினின் முன்மூடியில், கிராங்க் தண்டின் முனை வெளியே வரும் இடத்துக்குப் பக்கத்தில் ஊன்றியபோது, கடைவாய்ப்பல்லில் சுத்தியலால் அடித்ததுபோல் விழுந்தது. "அம்மா!" என்று கத்திவிட்டாள்.

இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேன் பெல்ட்டைக் கழற்றிப் பக்கத்தில் போட்டாள். சில நொடி மட்டும் ஓடவிட்டு மறுபடி கடித்தாள். இடி போகவில்லை, ஆனால் அதன் தாளம் மாறியிருந்தது. பெல்ட்டைக் கழற்றினால் அடி பேரிங்குக்கு என்ன வந்தது? திரும்பவும் அணைத்தாள். கிராங்க் முனையில் பெல்ட்டைச் சுழற்றுகிற கனமான புல்லியை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தாள்.

நூலளவு ஆடியது. அவள் மணிக்கட்டுக்குள் 'டொக்' என்றது.

போக்குவா அங்கேயே தரையில் உட்கார்ந்து, கிரீஸ் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். டூஃபியே ஓடிவந்து, "என்னக்கா, செத்துப்போச்சா?" என்று கேட்டாள்.

"பேரிங் இல்லடி. புல்லி. வெறும் புல்லி."

கழற்றிப் பார்த்தபோது எல்லாம் விளங்கியது. இன்ஜின் ஒரு பட்டறை, புல்லி ஒரு பட்டறை. புல்லியின் துளை அச்சைவிடச் சற்றுப் பெரிது. அச்சோடு அதைப் பூட்டிவைக்கும் சிறு இரும்புக் கட்டை நசுங்கியிருந்தது. புல்லியை வாங்கியவள் அவள்தான். பளபளவென்று இருக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கினாள். ஆகவே குறைசொல்ல வேறு ஆளும் இல்லை.

அதைத் தாம்பாளத்தில் ரொட்டிக்கு நடுவே வைத்துக்கொண்டு சுவாமேக்குப் போனாள். போவாஹென் மேஸ்திரியின் மேசைமேல் வைத்தாள். அவர் துளையில் விரலை விட்டுப் பார்த்தார், நசுங்கிய கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவள் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்தினார்.

"நான் திறந்திருக்கணும் அக்கா. பெரியவர் சொன்னாருன்னு விட்டேன். அது தப்பு."

"தப்புதான். வாங்க, லேத்துக்குப் போலாம்."

லேத் பட்டறையில் மேஸ்திரியே நின்று துளைக்குள் உறை போட்டுக் கடையச் சொன்னார். உறையின் சூடு ஆறும் முன் அவசரப்படாதே என்று கடைசல்காரனோடு சண்டையும் போட்டார். புதுக் கட்டை வெட்டி வாங்கினார்கள். சடங்குக்கு முந்தின நாள் முற்றத்தில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தபோது, போக்குவா வண்டிக்கடியில் படுத்துப் புல்லி நட்டை இறுக்கினாள். சமையலுக்கு வந்திருந்த பெண்கள் அவள் காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். எழுந்து சாவியைத் திருப்பினாள். கழியைத் தொடவில்லை. டூஃபியேயின் முகத்தைத்தான் பார்த்தாள். டூஃபியே காதைப் பொத்தவில்லை. தலையைச் சாய்த்துக் கொஞ்சம் கேட்டுவிட்டு, "ஓடுதா இல்லையான்னே தெரியலக்கா" என்றாள். மாமா அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் காயலான் கடைக்காரனை வர வேண்டாம் என்று சொல்லியனுப்பவில்லை.

அவன் காலையில் சங்கிலியோடு வந்துவிட்டான். முற்றம் முழுக்கத் துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்திய சொந்தக்காரர்கள். போக்குவாவும் கறுப்புத் துணியைச் சுற்றிக்கட்டி, தலையில் சிவப்புப் பட்டை கட்டியிருந்தாள். சங்கிலியை அவன் முன்பக்கம் மாட்டக் குனிந்தபோது அவள் உள்ளே உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினாள். அவன் துள்ளி விலகினான்.

"பெரியவர் இது ஓடாதுன்னாரே!"

"பெரியவருக்கு அப்படி ஒரு ஆசை. தள்ளிக்க."

கூடைகளை அடுக்கினாள், சடங்குக்கு வருகிறவர்களுக்கான ரொட்டி முழுவதும் அவள் சுட்டதுதான். பின் இருக்கையில் அத்தைமார்கள் ஒருவர்மேல் ஒருவராக ஏறிக்கொண்டார்கள். முன் இருக்கையில் யாரையும் உட்காரவிடவில்லை. அந்தக் கதவைத் திறந்து வைத்து, "ஏறுங்க மாமா" என்றாள்.

"நான் நடந்து வர்றேன்."

"பள்ளிக்கூட மைதானம் தூரம். உங்களால முடியாது."

"என்னால என்ன முடியும்னு நீ சொல்லாத. உன்னால என்ன முடியும்னு நான் சொன்னப்ப நீ கேட்டியா?"

சொல்லிவிட்டுத் தடியை ஊன்றி நடக்க ஆரம்பித்துவிட்டார். போக்குவா கதவைச் சாத்தவில்லை. முதல் கியரில் போட்டு, அவர் பக்கத்திலேயே, அவர் நடைக்குத் தகுந்தபடி ஊர்ந்தாள். அவர் நின்றால் வண்டி நின்றது. அவர் நடந்தால் வண்டி நகர்ந்தது. பின்னால் வாகனங்கள் வரிசைகட்டிவிட்டன. அத்தைமார்கள் காதில் ஹாரன் பிளந்தது. போக்குவா கண்ணாடியில் அவற்றைப் பார்த்தாள், கையை வெளியே நீட்டித் தாண்டிப் போகச் சொன்னாள், மறுபடி மாமாவோடு ஊர்ந்தாள்.

"முன்னால போயேன்டி! மானம் போகுது!" என்று அவர் கத்தினார்.

"என்ன மாமா? கேக்கல!"

பின் இருக்கை முழுவதும் குலுங்கியது. சாவுச் சடங்குக்குப் போகிறோம் என்பதையே மறந்து அத்தைமார்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. மைதானம் வரை வியர்த்துக் கொட்டிக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். திறந்த கதவும் அவரோடு வந்து சேர்ந்தது.

மைதானத்துப் பந்தலுக்குள் ஆண்கள் வரிசையில் அவர் போய் உட்கார்ந்தபோது போக்குவா தூரத்தில் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். வெளியூர் உறவுக்காரர் ஒருவர் வண்டியைக் காட்டி மாமாவிடம் ஏதோ கேட்டார். அவர் வாய் இவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"காது கேக்காத பொண்ணு கையில வண்டியைக் குடுத்திருக்கியே டொங்கோர், உனக்குப் புத்தி இருக்கா? நீ எப்படி விட்ட?"

மாமா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"நான் எங்க விட்டேன்? அவ யாரைக் கேட்டு எடுத்தா? உனக்குத் தைரியம் இருந்தா நீ போய் நிறுத்திப் பாரு."

உறவுக்காரர் எழுந்திருக்கவில்லை.

சடங்கு முடிந்து திரும்பும்போதும் மாமா வண்டியில் ஏறவில்லை. ரோட்டுக்கு வந்து ஒரு பயணிகள் வேனைப் பிடித்துப் போய்விட்டார். இன்றுவரை ஏறவில்லை. போக்குவா வாரத்தில் பாதி நாள் மாம்பொங் பக்கமும் எஜுரா பக்கமும் ரொட்டி ஏற்றிக்கொண்டு போய்வருகிறாள். புறப்படும் ஒவ்வொரு முறையும் அந்த முன்கதவைத் திறந்து, "மாமா, வர்றீங்களா?" என்று முற்றமே அதிரக் கேட்பாள். வரமாட்டேன் என்று அவரும் அதே அளவு உரக்கச் சொல்வார். இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.